கால் எடுத்தால் நின்றுவிடும் வண்டி

என் தம்பி இறந்த நாள் எனக்குத் தெரியும்: மாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. இடம் தெரியும்: வெம்பக்கோட்டைச் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் சுற்றுச்சுவருக்கு வெளியே, அவனுடைய பழைய பிக்கப் வண்டியின் டிரைவர் சீட்டில். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நேரம் மட்டும் தெரியாது. மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் இடையில் என்றார்கள். வீட்டில் நடந்த நல்லது கெட்டதையெல்லாம் நாளும் நேரமுமாக நினைவில் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவன் நான். இருந்தும் அந்தத் தெரியாத நேரத்தோடு என்னால் இருந்துவிட முடிந்தது. தம்பி மனைவியால் முடியவில்லை.

அவள் அதே கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். சுவரை ஒட்டிய அறை. லோடு எடுக்க வந்தால், உள்ளே கூப்பிடும்வரை தம்பி சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் காத்திருப்பான். வண்டியை அணைக்க மாட்டான். அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஓடவிட்டாலும் நிம்மதி கிடையாது, ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்தபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுங்கி, இருமி, நின்றுவிடும். இழுவையும் போய்விட்டது. லோடோடு விருதுநகர் மேம்பாலம் ஏறுவதற்குள் பின்னால் வரும் பஸ்காரர்களிடம் அவன் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து அவள் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தபோது, சுவருக்கு அப்பால் வண்டி இருமி நின்றுபோனது காதில் விழுந்திருக்கிறது. எப்போதும் போலத்தான் நின்றிருக்கும், கிளப்புவார் என்று நினைத்தாள். கிளப்பவில்லை. அசந்து தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் சங்கு ஊதி வெளியே வந்தபோதுதான் பார்த்தாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள், வண்டியை மெக்கானிக்கிடம் காட்டவேண்டும் என்றாள்.

"விக்கப் போறியா தாயி?"

"விக்கிறதுக்கு இல்ல அத்தான். அன்னைக்கு வண்டி தானா நின்னுச்சா, அவுக கால் நழுவி நின்னுச்சா? அது எனக்குத் தெரியணும்."

தானாக நின்றிருந்தால், அவன் அதற்குப் பிறகு நிஜமாகவே தூங்கியிருக்கலாம். வெகுநேரம் கழித்துத்தான் போயிருக்கலாம். கால் நழுவி நின்றிருந்தால், அவள் காதில் விழுந்தது அவன் போன சத்தம்.

ஆனைக்குட்டம் போகும் வழியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், என் தம்பியின் சிநேகிதன். வாய் ஓயாதவன். "அண்ணாச்சி, அவன் இந்த வண்டிய ஓட்டல. இதுதான் அவன ஓட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்தான்.

டீசலிலிருந்து ஆரம்பித்தான். "டீசல் வராம அடைச்சிருந்தா, கால் வச்சிருந்தாலும் நிக்கும்" என்றான். அந்த ஒரு சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டீசல் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது கறுப்பாக மண்டி விழுந்தது. அழுக்கைப் பார்த்து அவ்வளவு ஆறுதல் அடைந்தது என் வாழ்வில் அன்றுதான். புது ஃபில்டர் போட்டு, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிக் கிளப்பினான். அதே நடுக்கம், அதே இருமல். ஏர் ஃபில்டரைத் தட்டினான். தூசிதான் பறந்தது.

"இன்ஜெக்டரா இருக்குமோ?" என்றேன். எப்படியாவது அது டீசல் கோளாறாக இருக்க வேண்டும் எனக்கு.

"புஸ்தகத்துல படிச்சீகளாக்கும்! அம்புட்டையும் படிச்சா எனக்கு யாரு வேல தருவாக?"

அவள் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். "அண்ணே, முந்தியெல்லாம் இங்கன நின்னா புகை சேலைல வந்து அடிக்கும். இப்ப காத்தே காணோமே" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பட்டாசு ஏற்றும் வண்டிகளின் சைலன்சர் முனையில், தீப்பொறி தெறிக்காமல் இருக்க ஒரு கம்பிவலைக் கூடு மாட்டியிருப்போம். அது இல்லாத வண்டியை எந்த வாசலிலும் உள்ளே விடமாட்டார்கள். வெளியூர் மெக்கானிக்காக இருந்தால் முதலில் அதைத்தான் கழற்றிப் பார்த்திருப்பான். இங்கே அதில் யாரும் கை வைப்பதில்லை. போதாததற்குத் தம்பி சனிக்கிழமைதோறும் அதைக் கழுவி வைப்பான். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது.

மெக்கானிக் கூட்டைக் கழற்றினான். அதற்குப் பின்னால், குழாய்க்குள், இன்னொரு வலை. சல்லடை போல நெருக்கமானது. சுருட்டித் திணித்திருந்தது. கரி அப்பி, வலைக்கண்கள் ஏறக்குறைய அடைபட்டுவிட்டிருந்தன.

"இத எவம்லே உள்ள வச்சது?" என்றவன், கேட்ட வாயோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முந்தி ஒருக்கா பக்கத்துக் கம்பெனில வெடி விபத்து நடந்த அன்னைக்கு ராத்திரி, 'ஒன் ரூமை ஒட்டித்தான என் வண்டி நிக்குது'ன்னு அவுக கேட்டாக. ஆமான்னேன். வேற ஒண்ணும் பேசல."

மெக்கானிக் அதை உருவி எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். சீட்டில் யாருமில்லாமலே எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் சந்தோஷத்தில் ஷெட்டே அதிரக் கத்தியிருப்பான்.

"அப்ப டீசல் இல்ல. கால் வச்சிருந்தா நின்னிருக்காது" என்றாள் அவள்.

மெக்கானிக் எஞ்சினை அணைத்தான்.

"அந்த வலைய ஒரு தடவ உள்ள வைங்கண்ணே."

"வேணாம் தங்கச்சி. எதுக்கு?"

"வைங்க."

வைத்தான். அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவன் சொல்லிக்கொடுத்தபடி ஆக்சிலேட்டரில் கால் வைத்துக்கொண்டாள். பழைய சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காலை எடுத்தாள். வண்டி நடுங்கியது, இருமியது, நின்றது.

"இதே சத்தந்தான்" என்றாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "சங்கு ஊதுற வரைக்கும் நான் டப்பா அடுக்கிக்கிட்டு இருந்தேன் அத்தான்."

வலையை மெக்கானிக் திரும்ப உருவிப் போட்டான். இப்போது வேறொருவர் அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறார். லோடோடு மேம்பாலம் ஏறுகிறது. கம்பெனியில் பேசி, சுவரிலிருந்து தள்ளியிருக்கும் வேறு அறையில் அவளுக்கு வேலை கேட்டு வாங்கினேன். அவள் போக மாட்டேன் என்றுவிட்டாள். இன்னும் அந்தச் சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.