பதின்மூன்று மில்லிமீட்டர்

மார்ச் 3 – 4 மி.மீ.
மார்ச் 11 – 6 மி.மீ.
மார்ச் 20 – 9 மி.மீ.
மார்ச் 29 – 13 மி.மீ.
மார்ச் 30 – வெல்டிங் கூலி, 450.

முதல் நான்கும் மனைவியின் அலுமினிய சைக்கிளில், சீட்டுக்குக் கீழே பிரேமில் விழுந்த விரிசலின் நீளம். அளந்தவர் முப்பத்தெட்டு வருடம் கிடங்குக் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே அவருக்குத் ‘தசமம்’ என்று பெயர். விரிசலைக் கண்ட அன்றே சைக்கிள் நிறுவனத்துக்கு எழுதினார். விரிசல் வளர்வதற்கு ஆதாரம் தேவை என்று பதில் வந்தது. ஆதாரம்தானே, அவரிடம் இல்லாததா? பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதே சைக்கிளில்தான் மனைவி தினமும் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அச்சகத்துக்குப் போய்வருகிறாள் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை.

29ஆம் தேதி, அளவுகளைத் தபாலில் போட்டுவிட்டு வந்தபோது நோட்டு அவள் கையில் இருந்தது.

“ஏங்க, நான் கீழ விழுந்திருந்தா அதையும் தேதி போட்டு எழுதிருப்பீங்களா?”

“எழுதித்தானே ஆகணும்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெல்டரிடம் போனாள். அவர் நோட்டோடு பின்னால் போனார். விரிசல் மேலும் ஓடாதபடி வெல்டர் அதன் நுனியில் சிறு துளை போட்டார். பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று தேய்த்து, சோப்பால் ஒரு கோடு இழுத்துச் சூடுகாட்டினார்.

“எத்தனை டிகிரி?”

“இரும்புன்னா சிவக்கும். இது சிவக்காது சார், சொல்லாம கொள்ளாம உருகி ஊத்திடும். சோப்பு கறுத்தா சரி, அதான் டிகிரி.”

‘சோப்பு கறுக்கும் டிகிரி’ என்று எழுதிக்கொண்டார். பற்றவைத்து முடிந்ததும், “எத்தனை வருஷம் தாங்கும்?” என்றார்.

“ஒட்டு தாங்கும். சூடுபட்ட பக்கத்து இடம்தான் கொஞ்சம் வலு குறையும். யாராச்சும் ஒரு மாசம் ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.”

“கனமான ஆளா இருந்தா நல்லதா தம்பி?” என்றாள் மனைவி.

தசமத்தின் எடை 78.4 கிலோ. அவள் பஸ்ஸில் போக, ஏப்ரல் முழுக்க அவர் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். இதே பள்ளங்களில் இருபத்துநாலு வேலைநாள் அவளை அனுப்பியிருக்கிறோம் என்று அங்கேதான் கணக்குப் போட்டார். அதை நோட்டில் ஏற்ற அவருக்குத் தைரியம் வரவில்லை.

மே 2 காலை சைக்கிளை வாசலில் நிறுத்தினார்.

“புது விரிசல் எதுவும் இல்ல.”

“அளந்தீங்களா?”

“தினம் தடவிப் பாத்தேன்.”

அவள் சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்கி, ஏறிப் போனாள். தெருமுனை திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றார்.

மதியம் சைக்கிள் நிறுவனத்தின் பதில் கடிதம் வந்தது. ஆதாரம் முழுத் திருப்தி. வெல்டிங் செய்யாத பழைய பிரேமை அனுப்பினால் புதியது இலவசம். மேல்மூலையில், வந்த தேதியைக் குறித்தார்: மே 2.