பாஸ் கிடாரின் முதுகில் ஒரு பலாத்துண்டு

மூன்று வருஷம் இருக்கும். ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, எங்கள் இலஞ்சி வரைக்கும் சாரல் பிடித்துக்கொண்ட நேரம். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். வீட்டுக்காரர் வளைகுடாவில் டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிடார் வாசித்தவர். நாலே நாலு தடித்த கம்பி. கச்சேரியில் அது ஒலிப்பது யாருக்கும் தெரியாது. நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று தோன்றும். வீட்டிலும் அவர் அப்படித்தான்.

அதற்கு முந்தைய லீவில் வந்தபோது ஆசையாக எடுத்து மாட்டினார். ரெண்டு பாட்டுதான். பலகையின் விளிம்பு தொப்பையில் குத்தியது. "ஏட்டி, இனி இது எனக்கு ஒத்துவராது. யாருக்காச்சும் குடுத்துருவோம்" என்று துடைத்து பீரோ மேல் வைத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்பு பெருத்தால் பேண்ட்டைத் தூக்கியா போடுகிறோம்? பிரித்துத் தைப்பதில்லையா?

செல்போனில் தேடிப் பார்த்தேன். பல கிடார்களில் வயிறு படும் இடத்தைப் பின்பக்கமாகச் செதுக்கியே விடுகிறார்கள். அவர் அடுத்த லீவுக்கு வரப் பத்து நாள் இருக்கும்போது, அவரிடம் மூச்சு விடாமல், கதவு ஜன்னல் செய்யும் ஓர் ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனேன். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர், முன்பின் பழக்கமில்லாதவர். கம்பிகளையும் நீளக் கைப்பிடியையும் மட்டும் கழற்றினார். கறுப்புப் பெயிண்டைத் தேய்த்து எடுத்தால், உள்ளே அத்தனை அழகான மரம்!

"எங்கன செதுக்கணும்? அளவு குடுங்கக்கா" என்றார். அளவா, எனக்கா சொல்லித்தர வேண்டும்! கிடாரின் முன்பக்கத்தைப் பேப்பரில் வரைந்து, வளைவைக் குறித்து வெட்டி, அதைப் பின்பக்கத்தில் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். "சரியாப் பாத்துட்டியளா?" என்று கேட்டார். "இருவது வருசமா வெட்டுதேன்" என்றேன்.

அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை எடுத்தார். மரத்தில் ஓட்டை. உள்ளே சிவப்பு ஒயர் தெரிந்தது. பின்பக்கம் வைக்கும்போது பேப்பரைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன்! வயிறு படும் மேல்பக்கத்துக்குப் பதிலாக, ஒயர் ஓடும் கீழ்ப்பக்கத்தைச் செதுக்க வைத்துவிட்டேன். துணி என்றால் ஒட்டுப் போடலாமே என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"மரத்துக்கும் ஒட்டு உண்டுக்கா" என்றார் அவர்.

பலாத்துண்டு ஒன்றை இழைத்து ஓட்டையை அடைத்தார். பிறகு சரியான பக்கத்தைச் செதுக்கினார். சாரலில் வார்னிஷ் காயாமல் வெளுத்துப்போக, தேய்த்துவிட்டு மறுபடியும் அடித்தார். அதற்குள் வீட்டுக்காரர் ஊர் வந்து இறங்கிவிட்டார். ஒன்றும் விளக்காமல் பட்டறைக்கு அழைத்துப் போனேன். கிடாரைத் திருப்பியவர் மஞ்சளாகத் தெரிந்த ஒட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரு பாத்த வேலை?" என்றார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"என் கை தவறிட்டு அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடுங்க" என்றார் ஆசாரி.

அதிர்ந்து பேசாத மனுஷர் அன்றைக்குக் கத்தினார். "தெரியாத வேலையில ஏன் கைய வைக்கிய?" ஆசாரி தலை நிமிராமல் கம்பிகளை மாட்டிக் கொடுத்தார். நான் கிடாரை வாங்கிக்கொண்டு முதலில் வெளியே இறங்கினேன்.

வீட்டில் மாட்டிப் பார்த்தார். தொப்பை அந்த வளைவில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. "எப்படிட்டி இப்படி யோசிச்ச?" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் பாதிப் பாட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கிடாரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். "குடைய எடு" என்றார்.

பட்டறையில் ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பழிய ஏன் நீங்க ஏத்துக்கிட்டிய?" என்று கேட்டார்.

"எம்மேல உள்ள கோவம் தெருவத் தாண்டுனா போயிரும் அண்ணாச்சி. அக்கா மேல வந்தா லீவு பூரா வீட்டுக்குள்ள கெடக்கும்லா?" என்றார் அவர், அரத்தைத் துடைத்துக்கொண்டே.

இப்போதும் புதிதாகக் கல்யாணமான பெண் யாராவது அளவு ஜாக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, தைத்தது சேராமல் மாமியார் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், "நான்தான் தப்பா வெட்டிட்டேன், என்னை ஏசுங்க" என்று சொல்ல என் நாக்கு ஒட்டிக்கொள்வதே இல்லை.