நான்காம் வால்வு

அந்தப் பகுதியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. தண்ணிக்காரர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலை ஐந்தரை மணிக்கு நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். தெருமுனைக் குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு வால்வைத் திருப்பினால், அந்தத் தெருவின் குழாய்கள் இருமிவிட்டுப் பேச ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் தாமதமானால் போதும், "மகாராஜா இப்பதான் கண்ணு முழிச்சாரா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பதினேழு வருஷமாகக் கேட்டுப் பழகிய பேச்சு.

வயிற்றுப்போக்கு முதலில் இஸ்திரிக் கடைக்காரர் வீட்டில்தான் வந்தது. அவருடைய அப்பாவுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில். மறுநாள் பக்கத்து வீட்டில் மூன்று பேர். அதற்கடுத்த நாள் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பெண்கள் கையில் நோட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். பழி மூலையிலிருந்த ஜூஸ் கடை மேல் விழுந்தது. கடையை மூடினார்கள். பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். தண்ணிக்காரரின் மனைவி தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். தாங்கள் சொல்லும்வரை அந்தத் தெருக்காரர்கள் யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

தண்ணிக்காரர் அந்தப் பெண்களின் நோட்டை எட்டிப் பார்த்தார். பதினான்கு வீடுகள். எல்லாம் தெருவின் இடது பக்கம். எல்லாம் நான்காம் வால்வில் தண்ணீர் வாங்குகிற வீடுகள். அவருடைய வீட்டுக்கும் நான்காம் வால்வுத் தண்ணீர்தான்.

ஒரு வாரத்துக்கு முன்னால் நான்காம் வால்வுக் குழியில் கருப்பாகத் தண்ணீர் தேங்கி நின்றது. லேசாக நாற்றமும் அடித்தது. அலுவலகத்தில் சொன்னால் தெருவைத் தோண்டுவார்கள், இரண்டு நாள் தண்ணீர் நிற்கும், ஏச்சு முழுக்க இவர் தலையில்தான் விழும். ஒரு வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு மூடியைப் போட்டுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இனிமே தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்" என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஊரெல்லாம் வயித்தால போகுது. எதுக்கு வம்பு."

அவள் இருக்கிற பெரிய பாத்திரத்தையெல்லாம் அடுப்பில் ஏற்றினாள். கழிவறையில் பிளீச்சிங் பவுடர் கொட்டினாள். கதவுப் பிடியைக்கூட விட்டுவைக்காமல் துடைத்தாள். ஒன்பது வயது மகள் ரேடியோ, அம்மா பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத பிள்ளை என்பதால் வைத்த பெயர் அது. தண்ணிக்காரர் மட்டும் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சொல்லிவிடலாமா என்று நினைப்பார், வாய் வராது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார். இரண்டு நாள் அப்படியே ஓடியது. அந்த இரண்டு நாளும் காலையில் போய் நான்காம் வால்வைத் திறந்தார்.

மூன்றாம் நாள் காலையில் இஸ்திரிக் கடைக்காரரின் அப்பா இறந்துபோனார். மத்தியானம் ரேடியோ சுருண்டு படுத்தாள். பக்கத்து வீட்டில் விளையாடும்போது குழாயில் வாய் வைத்துக் குடித்திருக்கிறாள். நாலு மணிக்கெல்லாம் பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் உம் என்றுகூடச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் பெஞ்சில் படுக்கவைத்து, ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். நர்ஸ் நான்கு இடத்தில் குத்தித்தான் நரம்பைப் பிடித்தாள்.

மனைவி பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நம்ம தெரு ஆளுங்களே இத்தனை பேர் இருக்காங்களே. தண்ணியா இருக்குமோ?"

அவர் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். குழி, நாற்றம், வாளி, எதையும் விடவில்லை.

அவள் கத்தவில்லை. "அப்ப தெரிஞ்சுதான் என்னைக் கொதிக்க வைக்கச் சொன்னீங்க" என்றாள். "நமக்கு மட்டும்."

அவர் ஜன்னல் கம்பியில் தொங்கிய பாட்டிலை நேராக்கினார்.

"இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? போங்க. இவளை நான் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு ஓடி, சாவி கட்டிய சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக நான்காம் வால்வுக்குப் போனார். அவருக்குப் பதில் வந்த ஆள் திறந்துவிட்ட சாயங்காலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் இறுக்கி மூடினார். பிறகு என்ஜினீயருக்குப் போன் செய்தார். அதற்குள் குடங்களோடு ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஏற்கெனவே பீதியில் இருந்தவர்கள், வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஒருத்தர் சாவியைப் பிடுங்கப் பார்த்தார். தண்ணிக்காரர் குழியின் மூடி மேலேயே உட்கார்ந்துகொண்டார். "குடிக்காதீங்க. தண்ணியிலதான் இருக்கு. இருக்கிற தண்ணியையும் கொட்டிருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

என்ஜினீயர் வந்து ஆள் வைத்துத் தோண்டினார். குடிநீர்க் குழாயின் இணைப்பு விரிந்திருந்தது. அதை ஒட்டியே சாக்கடைக் குழாய் உடைந்து கிடந்தது.

"இதை எப்பய்யா பாத்தீங்க?" என்றார் என்ஜினீயர். சுற்றிலும் தெருவே நின்றது. இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பத்து நாள் ஆச்சு சார். நான்தான் சொல்லல."

யாரும் அவரை அடிக்கவில்லை. இஸ்திரிக் கடைக்காரர் கூட்டத்தில் இருந்தார். அன்றுதான் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர். தண்ணிக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது தண்ணிக்காரருக்கு.

ரேடியோ மறுநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான்காவது நாள் வீட்டுக்கு வந்தாள். அந்த வாரத்துக்குப் பிறகு தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. ஜூஸ் கடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணிக்காரரை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். மனைவி பல நாள் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இஸ்திரிக் கடைக்காரரிடம் ஒருமுறை போய் நின்றார். அவர் ஒரு சட்டையைத் தேய்த்து முடித்து மடித்து வைத்தார். "அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. போற வயசுதானேன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். "எனக்கு அப்படித் தோணல. நீங்க போங்க."

புது இடத்தில் மூடியைத் தூக்கியதும் முதலில் மோந்து பார்க்கிறார். கொஞ்சம் ஈரம் கண்டாலும் போன் போட்டுவிடுகிறார். மழைத் தண்ணிக்கும் இவர் போன் பண்ணுவார் என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் ஆள் அனுப்புகிறார்கள்.