பத்து நிமிட வர்ணனை

என் மகள் முதலில் பேசிய சொல் "அம்மா" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். "மாட்டன்" என்பதுதான். ஆறு வயதில் அந்த ஒரு சொல்லை வைத்தே அவள் எங்கள் வீட்டை ஆண்டாள். சாப்பிட மாட்டன், குளிக்க மாட்டன், சப்பாத்துப் போட மாட்டன். வகுப்பில் கொப்பியைக் கிழித்துவிட்டு மேசைக்குக் கீழே போய் இருந்துகொள்வாள். அடுத்த தவணையும் இப்படியென்றால் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று அதிபர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

நானும் ஆசிரியைதான், வேறொரு பள்ளிக்கூடத்தில் கணிதம். நாற்பது பிள்ளைகளைப் பார்வையாலேயே இருத்திவிடுவேன். வீட்டில் ஒன்றை இருத்த முடியவில்லை. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கோணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கோணும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதையும் செய்து பார்த்தேன். அவருடைய முருங்கைதான் தழைத்தது. எனக்கு வெட்கம்தான் மிச்சம்.

கடைசியில் யாழ்ப்பாண நகரத்தில் ஓர் உளவளத்துணையாளரிடம் போனோம். என்னிலும் பத்து வயது இளையவர். விளையாட்டுச் சிகிச்சை என்றார்.

"ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் பிள்ளையோட விளையாடுங்கோ. அவ வைக்கிறதுதான் விளையாட்டு. நீங்கள் கேள்வி கேக்கக் கூடாது, கட்டளை போடக் கூடாது, படிப்பிக்கக் கூடாது. அவ செய்யிறதைப் பாத்துச் சொன்னாக் காணும், ரீச்சர்."

இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முதல் நாள் மகள் கட்டைகளை அடுக்கினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, "எத்தினை கட்டை இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி, நீலம் கூடவோ சிவப்புக் கூடவோ?" என்றேன். கட்டைகள் பறந்தன. மூன்று வயதுப் பிள்ளைக்கும் ரியூசன் தேடும் ஊர்க்காரி, விளையாட்டுக்கும் விடைத்தாள் வைத்திருந்தேன். மறுநாள் கேள்வியை விழுங்கிவிட்டு, "நீர் கட்டையை எடுக்கிறீர். நீர் கட்டையை வைக்கிறீர்" என்றேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் பொலிஸ்காரர் மாதிரிக் கதைக்கிறியள்?"

ஐந்தாம் நாள் சப்பாத்துப் பெட்டிக்குள் பொம்மையை இருத்தி, நூல் கட்டி இழுத்தாள். தெருவுக்கொரு கோயில் இருக்கும் எங்கள் இணுவிலில் வளரும் பிள்ளை இழுத்தால் அது தேர்தான். எனக்குள் என்ன புகுந்ததோ, வானொலியில் தேர்த் திருவிழாவுக்கு நேர்முக வர்ணனை சொல்பவரின் குரல் வந்துவிட்டது.

"அன்பார்ந்த அடியார்களே! இதோ, அம்பாள் எழுந்தருளிய தேர் அசைகிறது! மேசைக் காலடியில் திரும்புகிறது! வடம் பிடிப்பவர் மூக்கைத் துடைக்கிறார்!"

அவள் அப்படியே நின்றாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னும்! இன்னும் சொல்லுங்கோ!" குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த கணவர் "அரோகரா!" என்றார். பத்து நிமிடம் அரை மணித்தியாலம் ஆனது. திருத்தாமல் அவளை அவ்வளவு நேரம் நான் பார்த்தது அன்றுதான். எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு பகிடிக்காரி! சந்தோசமாகவும் இருந்தது, என் மீது கோபமாகவும் இருந்தது.

அதன்பிறகு தினமும் வர்ணனை. "மாட்டன்" போய்விடவில்லை, மெலிந்தது.

புதிய தவணையின் முதல் நாள் பள்ளிக்கூடக் கேற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போக மாட்டன்." மணி அடித்துவிட்டது. மற்றத் தாய்மார் பார்த்தார்கள். விறாந்தையில் அதிபர் நின்றார். என் கை தானாக ஓங்கியது.

மகள் அந்தக் கையைப் பார்த்து உரத்துச் சொன்னாள்: "அடியார்களே! அம்மாவுக்குக் கோபம் வருது! அம்மாவின்ரை கை மேல போகுது!"

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நடக்காததை எப்படி வர்ணிப்பது? நான் என்ன செய்யப்போகிறேன் என்று கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கை மெல்லக் கீழே வந்தது.

"கை இறங்குது! இறங்கீற்றுது!"

கேற்றடி முழுக்கச் சிரிப்பு. மகள் கேற்றை விட்டுவிட்டு வகுப்பை நோக்கி ஓடினாள், திரும்பியும் பார்க்கவில்லை.

அதிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "நீங்கள் போங்கோ ரீச்சர். இனி நாங்கள் பாக்கிறம்."

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அன்று என் வகுப்புக்குப் பிந்தித்தான் போனேன்.