வெயில் வராத நாளில் விரிந்த பூக்கள்

ஆவி, சகுனம் என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து தேநீர் ஊற்றப் போய்விடுகிற ஆள் நான். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், கிளேட்டன் என்ற ஊரில் சமூகப்பணி படித்தவன். ஒன்றைச் செய்வதற்கு முன் அதனால் யாருக்கு என்ன விளையும் என்று யோசித்துப் பழகியவன். இதைச் சொல்வதால் விளைவதையும் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எங்களுடைய ஆட்கள் நாற்பது பேர் அளவில், த பேசின் என்ற ஊர்ப் பக்கத்து மலையடிவாரக் காட்டுக்கு, வசந்தகாலப் பூக்களைப் பார்த்துக் கூடியிருந்து சாப்பிடுவோம் என்று போயிருந்தோம். அந்த ஊர்த் தொண்டரான மார்கரெட் என்ற வெள்ளைக்கார அம்மா வழிகாட்டினார். மரங்களுக்கு நடுவே ஒரு வெளியில் மெல்லிய தண்டுகளில் நூற்றுக்கணக்கான நீல மொட்டுகள் நின்றன, எல்லாமே இறுக மூடியிருந்தன. இவை சன் ஓர்க்கிட் என்றும், நல்ல வெயில் பட்டால் மட்டுமே விரியும் என்றும், இன்றைக்கு மப்பாக இருப்பதால் ஒன்றும் திறக்காது என்றும் தன்னுடைய பிழை போல மன்னிப்புக் கேட்டார் மார்கரெட்.

"இவ்வளவு தூரம் வந்தும் பூவுக்கு நித்திரையோ? எங்கட பிள்ளையளை மாதிரித்தான் இதுகளும்" என்றார் எங்களோடு வந்திருந்த பரா அன்ரி. "பிள்ளையாருக்கு ஒண்டு பிடுங்கினால் என்ன?"

"ஃபைன் அடிப்பாங்கள் அன்ரி" என்றேன்.

"பிள்ளையாருக்குமோ?"

எல்லோரும் சிரித்தார்கள், வதனியக்காவைத் தவிர.

வதனியக்காவும் எட்டு வயது மகள் துளசியும் இங்கே தங்குவதற்கு விண்ணப்பித்திருந்தார்கள். பிள்ளைக்கு விசா கிடைக்கத் தகப்பனின் சம்மதம் வேண்டும். தகப்பனோ ஆறு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு காலை சைக்கிளில் வெளியே போனவர், திரும்பவில்லை. ஆகவே, அவர் இறந்துவிட்டார் என்றே நம்புவதாக வதனியக்கா சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. எழுதி வைத்தது நான். திங்கட்கிழமை கடைசி நாள். இரண்டு கிழமையாக நான் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் ஒன்றையே சொன்னார்:

"தம்பி, அவர் 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். நான் கோவத்தில குசினிக்குள்ள அடுப்படியில நிண்டனான், பதில் சொல்லேல்லை. பதில் சொல்லாத மனுசி எப்பிடி அவர் செத்துப்போனார் எண்டு எழுதுறது?"

எங்களில் யாரும் 'போறன்' என்று சொல்வதில்லை, உங்களுக்குத் தெரியும். போகிறவர் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் போவார், நிற்கிறவர் 'ஓம், வாங்கோ' என்று சொல்லித்தான் அனுப்புவார். அந்தப் பதிலில்லாமல் சடங்கு பாதியில் நின்றுபோனதுதான் அவருடைய தடை. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. என் கணக்கில் ஒரு பிள்ளையின் எதிர்காலம்தான் பெரிது. சாட்சிக் கையெழுத்து வைக்கக்கூடியவரான, எங்கள் ஆட்களில் ஒருவரான டாக்டர் அங்கிளும் வந்திருக்கிறார் என்பதால் கடதாசியை அந்தக் காட்டுக்கே கொண்டுபோயிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அதை வதனியக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்காமல், "கொஞ்சம் நடந்துபோட்டு வாறன்" என்று சொல்லி அந்த வெளிப் பக்கம் போனார். கால் மணித்தியாலம் பார்த்துவிட்டுப் பின்னால் போனேன்.

நம்பினால் நம்புங்கள். வானத்தில் ஒரு கீறல் வெயிலில்லை, என் கைகள் குளிரில் விறைத்திருந்தன, ஆனால் அவரைச் சுற்றியிருந்த பூக்கள் மட்டும் அகல விரிந்திருந்தன, ஒரு பாய் விரிக்கிற அளவு நீலம், அதற்கு அப்பால் இருந்தவை அத்தனையும் மூடியபடியே. குருவிச் சத்தமும் இல்லை. வீட்டுக்குள் தூங்கி எழுந்த பிற்பகல் போல எல்லாம் மெதுவாக இருந்தது. அப்போது எங்கள் இருவருக்கும் முன்னால், மரங்களுக்குள்ளிருந்து, ஓர் ஆணின் குரல் மிகச் சாதாரணமாக, அவசரமில்லாமல் சொன்னது:

"போட்டு வாறன்."

நாற்பது பேரில் யாராவது காருக்குப் போயிருப்பார்கள் என்று நானும் நினைத்தேன். ஆனால் எங்கள் ஆட்களும் கார்களும் எனக்குப் பின்னால் இருந்தன. நான் அந்த மரங்களையே பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு பார்த்தபோது பூக்கள் மூடியிருந்தன. அவை மூடுவதை நான் பார்க்கவில்லை.

வதனியக்கா திரும்பினார்.

"தம்பி, உங்களுக்கு ஏதும் கேட்டதோ?"

நான் யோசித்தேன், என்னுடைய பழக்கம் அதுதானே. ஓம் என்றால் இந்த மனுசி காலம் முழுக்கக் காத்திருப்பார், பிள்ளைக்கு விசா கிடைக்காது. இல்லை என்றால் ஒரு கையெழுத்தோடு எல்லாம் முடியும்.

"இல்லையக்கா."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "சரி. பேனையைத் தாங்கோ."

டாக்டர் அங்கிள் ஒரு கையில் பாதி கடித்த றோல்ஸோடு மறுகையால் சாட்சிக் கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் விசா வந்தது. துளசி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். செய்தது சரியென்றே வைத்துக்கொண்டேன், அந்தப் பொய்யை மட்டும் யாருக்கும் சொல்லாமல்.

போன வருடத்து ஒன்றுகூடலிலும் மப்புத்தான். அதே வெளியில், மூடிய மொட்டுகளுக்கு முன்னால் நானும் வதனியக்காவும் நின்றோம். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கேக்கேல்லை எண்டு ஏன் பொய் சொன்னனீங்கள் தம்பி?"

நான் குனிந்து மொட்டுகளைப் பார்த்தேன்.

"கோவமில்லை. அண்டைக்கும் எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் பின்னால நிண்டு பதில் சொன்னபடியால்தான் அவர் போனவர். அதுக்குப் பிறகுதான் எனக்குக் கையெழுத்து வைக்க ஏலுமா இருந்தது."

"நானோ? நான் ஒண்டும் சொல்லேல்லையே அக்கா."

"உங்கட குரல்தான். 'ஓம், கெதியா வாங்கோ, புட்டு ஆறப்போகுது' எண்டு சொன்னனீங்கள்." இப்போது என் பக்கம் திரும்பினார். "அவர் போன அண்டு நான் புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கு ஆர் சொன்னது?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. வாய் திறந்ததாக நினைவும் இல்லை.

இப்போதெல்லாம் என் மனைவி வேலைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டியபடி "போட்டு வாறன்" என்று சொன்னால், நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், வரப்போவது என்னுடைய வார்த்தைதானா என்று பார்ப்பதற்காக.