தெருப்பக்கத்து அறை கேட்டவர்கள்

எங்கள் மாடியில் வாடகைக்கு விடும் அறைகள் இரண்டு. பின்பக்கத்து அறையில் ஏசி உண்டு. தெருப்பக்கத்து அறையில் மின்விசிறி மட்டும்தான், அதுவும் வெந்நீர் ஊற்றுவதுபோல் காற்றை இறக்கும். சித்திரை வெயிலில், ஏசி அறை காலியாக இருக்கும்போதே, தெருப்பக்கத்து அறைதான் வேண்டும் என்று ஒரு பெரியவரும் அவர் மனைவியும் கேட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு ஒன்பது வயது.

மதுரைத் தல்லாகுளத்தில் அம்மா இந்தத் தொழிலைத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயில் பார்க்க வருகிறவர்கள் போனிலேயே அறை பிடிப்பார்கள். காலையில் அம்மா கையால் இட்லி. முன்பின் தெரியாதவர்கள் மாடியேறிப் போகும்போதெல்லாம் நான் அவர்கள் பையைத்தான் பார்ப்பேன்.

இவர்களுடைய ஆதார் நகலைப் பார்த்த மாமா, அம்மாவைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"அக்கா, சோழவந்தான்னு போட்டிருக்கு. பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல வீட்டுல இருப்பாக. இவுகளுக்கு எதுக்கு மூணு நாளைக்கு ரூமு? லோக்கல் ஆளுக்குக் குடுக்காதன்னு எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன்!"

"அந்தம்மா காலத் தாங்கித் தாங்கிப் படியேறுது. பாத்தா ஓடிப்போன சோடி மாதிரியாடா இருக்கு?"

மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. மகால் பக்கம்கூடப் போகவில்லை. நாற்காலி இரண்டை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர். கைக்குழந்தை ஒன்று உண்டு. பகலில் அக்கா தனியாகத்தான் இருப்பார்.

மறுநாள் இட்லித் தட்டோடு மாடிக்குப் போனேன். கட்டில்மேல் பை திறந்து கிடந்தது. உள்ளே விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத சின்னஞ்சிறு கவுன், ஒரு கிலுகிலுப்பை. பிள்ளை பிடிக்கிற கும்பல் மதுரைக்குள் இறங்கிவிட்டது என்று மாமாவின் போனுக்குச் செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது.

"ஏத்தா, எதுத்த வீட்டுப் பாப்பாவுக்கு என்ன பேரு வச்சிருக்காக?" என்று அந்தம்மா கேட்டார்.

எனக்குத் தெரியும். "தெரியாது" என்று சொல்லிவிட்டேன். பெயர் தெரிந்தால் கூப்பிட்டுத் தூக்கிப்போவது சுலபமாகிவிடும் அல்லவா? பெரியவர் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. திருட்டு முழி தெரிந்துவிடும் என்று திருப்பவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவிடம் சொன்னால், "வந்தவங்களப் பத்திக் கண்டதையும் பேசாத" என்று அதட்டுவார். அதனால் நேராக எதிர்வீட்டுக்கு ஓடினேன். ஜன்னலை, கவுனை, கிலுகிலுப்பையை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அக்கா பயப்படவில்லை. "அந்தம்மா எடது காலத் தாங்கி நடக்குறாகளா?" என்றார்.

"ஆமாக்கா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த ரூம்ல ஏசி இல்லயேடி. அப்பா வெயிலு தாங்க மாட்டாரே" என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல்.

யார் அப்பா என்று எனக்குப் புரியவில்லை. பயத்தில் அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் பட்டது. அதற்கேற்ற மாதிரியே அவர் அடுத்த காரியத்தையும் செய்தார். எப்போதும் குளியலறைக்குள் வைத்துக் குளிப்பாட்டும் பிள்ளையை, அன்றைக்குப் பட்டப்பகலில் வாசலுக்குத் தூக்கி வந்தார். மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்தார். ஒருமுறை குப்புற, ஒருமுறை மல்லாக்க. தண்ணீர் ஊற்றும்போது பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொஞ்சினார், தெருக்கோடி வரை கேட்கிற குரலில். தலையை மட்டும் அவர் நிமிர்த்தவே இல்லை.

எங்கள் மாடி ஜன்னலில் அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெரியவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இறங்கிவரப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய் எங்கள் இரும்புக் கதவைச் சாத்தி, வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். வெயிலில் கதவு முதுகைச் சுட்டது. நான் நகரவில்லை. அக்கா பிள்ளையைத் துவட்டி உள்ளே கொண்டுபோகும் வரை மாடிப்படியில் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டார்கள். நடுவில் இருந்தது இருபதடித் தெரு. அதை அவர்கள் தாண்டாமல் போனது நான் போட்ட தாழ்ப்பாளால்தான் என்று வெகுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.