எந்த ‘வா’?

படகில் ஏறும்போதே எனக்குப் பயம். நீச்சல் தெரியாது. பல்லியைக் கண்டாலே நாற்காலிமேல் ஏறி நிற்கிறவன். அலுவலகத்தில் எல்லோரும் பார்த்துவிட்டு வந்த தீவுப் பூங்காவை நான் மட்டும் பார்க்கவில்லை என்ற வெட்கம்தான் என்னைத் துறைவரை தள்ளிக்கொண்டு வந்திருந்தது. அங்கே முதலைப் படம் போட்டு ஒரு எச்சரிக்கைப் பலகை.

“கடவுளே” என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

“பயப்படாதீங்க சார், அது படம். கடிக்காது” என்று தமிழில் பதில் வந்தது.

அவர்தான் படகுக்காரி. துறையில் எல்லோரும் அவரை ‘மோட்டார்’ என்றே கூப்பிட்டார்கள். ஒருமுறை இழுத்துவிட்டால் நிற்காத வாய் என்பதால் வந்த பெயராம். அவரே சொன்னார்.

தீவுக்கு எதிரே, இந்தக் கரையில் அவருடைய அப்பாவுக்குப் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுக்கிற பெண். அங்கே ஓயாமல் கெட்டுப்போகும் ஓர் இன்ஜினோடு தீவுக்காரர் ஒருவர் வந்துகொண்டே இருந்தார்.

“ஒரு இன்ஜின் அத்தனை தடவை கெடாது சார். வேணும்னே பிளக்கைக் கழட்டிட்டு வந்திருக்காரு.”

அவரையே கட்டிக்கொண்டு தீவுக்குப் போனார். தீவு முழுவதும் வனத்துறையின் பூங்கா. அங்கேயே தொன்றுதொட்டு வாழும் தீவுக்காரர்கள் மட்டும் அதற்குள் குடியிருக்கலாம். கணவர் இப்போது வனக்காவலர். இவர் பயணிகளை ஏற்றிப் போகிறார்.

“ஒண்ணு சொல்றேன், மறந்துடாதீங்க. தீவுல யாராவது ‘வா’ன்னா வராதீங்க. ஆணி அடிச்ச மாதிரி நில்லுங்க. அவங்க பாஷைல ‘வா’ன்னா அசையாதேன்னு அர்த்தம்.”

“நீங்க சொன்னா?”

“உங்ககிட்ட நான் எதுக்கு சார் அந்த பாஷைல பேசப்போறேன்?”

காட்டுக்குள் தீவுக்காரர்கள் நீட்டி முழக்கமாட்டார்களாம். ஒரே சொல், அதுவும் ஒரே தடவை. கல்யாணமான புதிதில் சேற்றங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்து நாத்தனார் “வா!” என்று கத்தியிருக்கிறார்.

“புது மருமக. கூப்பிட்டா ஓடணும்ல? ஓடினேன். நேரா முதலை வாய்க்கு.”

நாத்தனார் பாய்ந்து வந்து கொண்டையைப் பிடித்து இழுத்ததில் தப்பினார். அன்றுமுதல் நாத்தனார் அவரைக் கூப்பிடுவது ‘காதுள்ள செவிடு’ என்று. தமிழைக் கேட்டால் வாளியில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது போலிருக்கிறது என்பாராம். இத்தனை வருஷத்தில் வாயைத் திறந்து ஒரு தமிழ்ச் சொல் சொன்னதில்லை.

அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் படகுக்காரி இன்ஜினை அணைத்தார். வாயையும் மூடிக்கொண்டார். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கிளைகளில் குரங்குகள் குட்டிகளை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தன. ஓர் இருவாட்சி தலைக்குமேல் இரைந்து பறக்க, நான் படகின் விளிம்பை விடவே இல்லை.

நீர் வற்றியிருந்ததால் படகு கரைக்கு முன்பே தட்டி நின்றது. இடையில் சேறு, அதன்மேல் நடந்து போக ஒரு நீளப் பலகை. மறுமுனையில் அவருடைய மகள், பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகாத வாண்டு, அம்மாவைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தாள். பின்னால், மரக்கால்கள்மேல் நிற்கும் வீட்டின் ஏணியில் நாத்தனார் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

பலகையை ஒட்டிச் சேற்றில் கிடந்த மரக்கட்டை கண்ணைத் திறந்தது.

“வா!” என்று கத்தினார் படகுக்காரி.

சிறுமி சிரித்தபடி பலகையில் காலை வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த வீட்டில் அத்தை ‘வா’ என்றால் நில். அம்மா ‘வா’ என்றால் ஓடி வா. குழந்தைக்கு அதில் குழப்பமே இல்லை. பதற்றத்தில் தாய்க்குத்தான் தீவுச் சொல் முந்திக்கொண்டது. தப்பு புரிந்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. எந்த மொழியிலும் அடுத்த சொல் வரவில்லை. நான் படகின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சிறுமி இன்னோர் அடி வைத்தாள். முதலை தலையை மெல்லத் திருப்பியது.

“நில்லுடி! அசைஞ்சே, தோலை உரிச்சிடுவேன்!”

தமிழ்! ஏணியிலிருந்து, நாத்தனாரின் குரலில். படகுக்காரி தினமும் மகளைத் திட்டுகிற ராகம் அப்படியே இருந்திருக்க வேண்டும். தூக்கிய காலைத் தூக்கியபடியே சிறுமி நின்றாள்.

நாத்தனார் ஓடவில்லை. பூனைபோல இறங்கி வந்து, பின்னாலிருந்து குழந்தையை இடுப்போடு அள்ளிக்கொண்டு பின்வாங்கினார். முதலை சத்தமில்லாமல் நீரில் சறுக்கியது. எங்கள் படகுக்கு அடியில்தான் போயிருக்க வேண்டும். நான் கால்களைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டேன்.

“அம்மா, நீ எந்த ‘வா’ சொன்னே?” என்று அத்தையின் இடுப்பிலிருந்து கேட்டாள் சிறுமி.

படகுக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டார். நாத்தனார் தீவு மொழியில் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாங்க?”

“காது சரியாகி இப்ப வாய் கெட்டுப்போச்சாம்” என்றார், அழுகையும் சிரிப்புமாக.

நான் தீவில் இறங்கவே இல்லை. இறங்கச் சொல்லி அவரும் வற்புறுத்தவில்லை. கணவரைக் கைபேசியில் அழைத்துக் குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். வழி நெடுக, இன்ஜின் சத்தத்துக்கு அடியில், பாடம் படிக்கிற பிள்ளைபோல “நில்லு, நில்லு, நில்லு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். 

துறையின் ஈரப்படியில் நான் காலை வைத்ததும் பின்னாலிருந்து கத்தினார்:

“நில்லு!”

உயிரே போனது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன்.

“ஒண்ணுமில்ல சார்” என்றார் தாழ்ந்த குரலில். “வாயில வருதான்னு பாத்தேன்.”